அப்பா சொல்லாத வார்த்தைகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் புளிப்பு பார்க்கிறேன் என்பேன். ஊறுகாய்க் கம்பெனியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போன நாட்களும் உண்டு. முழுக்க விளக்கி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும், எனக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. காலாப்பட்டில் ஓர் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எலிக்குட்டியின் மூளையிலிருந்து எடுத்த நரம்பு செல்களைச் சின்னக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வைத்து, அவற்றுக்குள் ஒரு சாயத்தை ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். செல்லுக்குள் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, கூடினால் சாயத்தின் பச்சை வெளிச்சம் மங்கும். குறைந்தால் பளிச்சென்று ஏறும். அதை நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து எழுதிவைப்பதுதான் என் பிழைப்பு.

கேட்பவர் உண்மையிலேயே ஆர்வமாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் சொல்வேன். ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லுக்குச் சேதி அனுப்பும்போதெல்லாம் தனக்குள் லேசாகப் புளிக்கிறது. நிறைய வேலை செய்தால் நிறையப் புளிக்கும். அந்தப் புளிப்புதான் அதற்குக் கடிவாளம். செல்லின் சுவரில் இருக்கிற வாசல்கள் பாதி சாத்திக்கொள்ளும், சேதி போவது குறையும், செல் அடங்கும். புளிப்பு குறைந்துபோனால் கடிவாளம் தளர்ந்துவிடும். ஒரு செல் கத்தும், அதைக் கேட்டுப் பக்கத்து செல் கத்தும், கடைசியில் தட்டு முழுக்க ஒரே நேரத்தில் கத்தும். அப்படி ஆகாமல் இருக்கத் தட்டில் ஓடும் திரவத்துக்குள் கரியமில வாயுவைக் கொப்பளிக்க விட்டுக்கொண்டே இருப்போம். நாம் மூச்சில் வெளியே விடுகிற அதே வாயுதான். தண்ணீரில் கரைந்தால் அது புளிப்பாகும்.

ஒருமுறை அந்த வாயு சிலிண்டர் பாதி வேலையில் தீர்ந்துபோனது. நான் அறையின் மறுகோடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். திரையில் பச்சை ஏறுவதை அங்கிருந்தே பார்த்து, "கேஸ் தீந்துபோச்சு, பாருங்க" என்றேன். அன்றைக்கு எங்கள் பேராசிரியர் என் கண்ணைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஏழு மாதம் என் மகளைப் பார்க்காமல் இருந்தேன்.

என் கணவர் பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர். முத்தியால்பேட்டையில் அவர்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக அதுதான் சொத்து. நான் பாகூர்ப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டிலிருந்து வந்தவள். கல்யாணமாகி வந்தபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு நன்றி சொல்லும் 'மெர்சி' மட்டும்தான். அவர் பாரீஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு ஒருமுறை வருவார். மகளுக்கு அப்போது எட்டு வயது. அடுத்த வருடம் அவளை இங்கே பிரெஞ்சு வழிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட வேண்டும், பிறகு நாங்களும் அங்கே போய் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது திட்டம். பள்ளிக்கூடத்தில் சேர ஒரு தேர்வு உண்டு. அந்தத் தேர்வில் திக்தே உண்டு.

திக்தே என்றால் சொல்வதை எழுதுவது. எங்கள் தெருவில் சாயந்திரமானால் ஏதாவது ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து அந்த நிதானமான வாசிப்பு இன்றைக்கும் கேட்கும். பெரியவர்கள் ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகச் சொல்வார்கள், பிள்ளை எழுதும், முற்றுப்புள்ளி வருகிற இடத்தில் 'புவான்' என்பார்கள். ஒரு துண்டை இரண்டு தரம் சொல்வதுதான் கணக்கு. மூன்றாம் தரம் கேட்டால் அது திக்தே இல்லை, பிச்சை என்பது என் கணவர் வீட்டுச் சட்டம். அவருடைய அப்பா அப்படித்தான் அவரை வளர்த்தாராம். எங்கள் வீட்டில் வாசிக்க வேண்டியவர் கடல் தாண்டி இருந்ததால் தினமும் ஆறரை மணிக்கு வீடியோ காலில் திக்தே நடந்தது. அவருக்கு அங்கே மதியம், வேலைக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முந்தைய நேரம். சில்வர் டம்ளர் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மகள் நோட்டைத் திறப்பாள். முடிந்ததும் அவர் புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல், கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிறவள் மாதிரி இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு வார்த்தைகள் காணாமல் போக ஆரம்பித்தன. பிழையாக எழுதினால்கூடப் புரிந்துகொள்ளலாம். இது அப்படியில்லை. வாக்கியத்தின் நடுவில் மூன்று நான்கு வார்த்தை இருக்காது, அதற்கு முன்னும் பின்னும் முத்து முத்தான கையெழுத்து. ஒரு வாத்து தன் குஞ்சுகளோடு குளத்துக்குப் போய் நீந்திவிட்டு வீடு திரும்பியது என்று ஒரு பாடம். என் மகள் நோட்டில் அந்த வாத்து குளத்துப் பக்கமே போகாமல் வீடு திரும்பிவிட்டது. அவர் அதைப் படித்து எனக்கும் அர்த்தம் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன்டி விட்ட?"

"அப்பா சொல்லலம்மா."

"நான் சொன்னேன் கண்ணு, ரெண்டு தரம் சொன்னேன்" என்றார் அவர் போனிலிருந்து. பிறகு என்னிடம், "நெட்டு கட்டாவுது போல. அவ மூஞ்சி அப்படியே நின்னுபோவுது, நான் ஹலோ ஹலோன்றேன், அப்பறம் தானா வந்துடுது" என்றார்.

அவ்வளவுதான், நான் நெட்டைப் பிடித்துக்கொண்டேன். கம்பெனிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். கம்பெனியை மாற்றினேன். புதுப் பெட்டி வாங்கி மாட்டினேன். அப்படியும் வார்த்தைகள் விட்டுப்போகவே, வீட்டுக்குள் சுவர் தடுக்கிறதோ என்று திக்தேயை மொட்டை மாடிக்கு மாற்றினேன். துணி காயப்போடும் கொடிக்கு முன்னால் ஒரு ஸ்டூல், நோட்டு வைக்க இன்னொரு ஸ்டூல். அங்கேயும் அதே கதை. கடைசியாக வந்த நெட்டுக்காரர் மாடி வரை ஏறிவந்து, போனை நாலு பக்கமும் காட்டி அளந்துவிட்டு, "மேடம், இதுக்கு மேல ஸ்பீடு வேணும்னா நீங்க பாரீசுக்கே குடி போயிடணும்" என்றார்.

அவர் சொன்னது எனக்கு வேறு மாதிரி வேலை செய்தது. நெட்டு சரியாக இருக்கிறது என்றால் சரியில்லாதது யார்? அப்பா சொல்கிறார், நெட்டு கொண்டுவருகிறது, இவள் மட்டும் அப்பா சொல்லவில்லை என்கிறாள். அப்படியானால் இவள் பொய் சொல்கிறாள். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூட டைரியிலும் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார், வகுப்பில் கவனம் இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதற்குப் பிறகு தினமும் ஆறரை மணி வந்தால் எனக்கே படபடப்பாக இருக்கும். இரண்டு வார்த்தை விட்டுவிட்டால் திட்டுவேன். அவள் அழுவாள். சத்தம் போட்டு அழுகிற பிள்ளை இல்லை அவள். தோள் குலுங்க, வாயைத் திறந்து மூச்சை இழுத்து இழுத்து, ஏங்கி ஏங்கி அழுவாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் எழுது என்று உட்காரவைப்பேன். அழுகைக்குப் பின்னால் எழுதுவதில் இன்னும் அதிகமாக விட்டுப்போகும். வேண்டுமென்றே செய்கிறாள், என்னைப் பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளை, பெற்ற தாயைப் பழிவாங்குகிறதாம்.

எங்கள் வீட்டுக்குக் கீழே தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அக்கா இருக்கிறார். ஒரு சனிக்கிழமை துணி வாங்கப் போனபோது மகளும் கூட வந்தாள். "பாப்பா பிரெஞ்சு எல்லாம் எழுதுதாமே, நல்லா எழுதுதா?" என்று அக்கா சும்மாதான் கேட்டார்.

"எழுதறதவிட பொய் நல்லா சொல்லுதுக்கா" என்றேன்.

"நான் பொய் சொல்லல. அப்பா சொல்லவே இல்ல" என்றாள் மகள். அதுவும் என்னிடம் சொல்லவில்லை, அக்காவைப் பார்த்துச் சொன்னாள். தெருவில், ஆள் முன்னால், என்னை எதிர்த்து. ஓங்கி ஒரு அறை விட்டேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வந்து அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "விடும்மா, பச்ச புள்ள" என்றார். நான்கு விரலும் கன்னத்தில் பதிந்திருந்தன. இன்றைக்கும் அந்த வண்டியைத் தாண்டும்போது என் உள்ளங்கை சுடுகிறது.

அதற்குப் பிறகு அவள் 'அப்பா சொல்லல' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். விட்ட இடத்தைக் காட்டினால், "சரிம்மா, நாளைக்கு ஒழுங்கா எழுதறேன்" என்பாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு காலை ஆய்வகத்துக்குப் போகும் பஸ்ஸில் அவரிடமிருந்து போன் வந்தது. அங்கே அது விடியாத நேரம். நான் பயந்துபோய் எடுத்தேன்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளு" என்றார். "நேத்து வாசிக்கிறப்ப மறுபடியும் அவ மூஞ்சி நின்னுபோச்சு. நெட்டுன்னு நெனச்சு நானும் நிறுத்திட்டேன். வேலைல பூரா அதே யோசன. தூக்கமே வரல."

"என்னா சொல்றீங்க?"

"மூஞ்சி நின்னுச்சு. ஆனா அவ பின்னாடி கொடியில உன் நீலப் பொடவ ஆடிட்டேதான் இருந்துச்சு."

பஸ் பிள்ளைச்சாவடியில் நின்றது. கருவாட்டுக் கூடையோடு இரண்டு பேர் ஏறினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொஞ்சம் தள்ளிக்கொள்ளம்மா என்றார், நான் நகரவில்லை. படம் நின்றிருந்தால் புடவையும் நின்றிருக்க வேண்டும். நெட்டு ஒரு நாளும் நிற்கவில்லை. நின்றது என் பிள்ளை. அந்த நிமிடமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ஆனாலும் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று என் வேலைப் புத்தி பிடிவாதம் பிடித்தது. சாயந்திரம் எப்போதும்போல வாசியுங்கள், அவள் நின்றாலும் நீங்கள் நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

அன்று மாடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்து துணி மடித்தேன். அவர் வாசித்தார், அவள் எழுதினாள். மூன்றாவது வாக்கியத்தில் பென்சில் நின்றது. கண் நோட்டிலிருந்து எழுந்து, என் தோளுக்கு மேலே எங்கேயோ போய் நிலைத்தது. இமைகள் வேகமாகப் படபடத்தன. உதடு எதையோ மெல்லுகிற மாதிரி லேசாக அசைந்தது. "பாப்பா" என்று கூப்பிட்டேன். "கண்ணு" என்றேன். கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்றில் கண் நோட்டுக்குத் திரும்பியது, பென்சில் நகர்ந்தது, அவர் அப்போது சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையிலிருந்து எழுத்து மறுபடி தொடங்கியது. நடுவில் வாசித்தது குதிரையும் வண்டியும் என்று அவர் பிறகு சொன்னார், அவளுக்கு அவை இல்லவே இல்லை. எழுதி முடித்து நிமிர்ந்து, நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, திட்டுவேனோ இல்லையோ என்று தெரியாமல் பாதிச் சிரிப்பு சிரித்தாள்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து கை கால் இழுத்துக்கொள்வது என்றுதான் நம் எல்லோருக்கும் நினைப்பு. இப்படியும் ஒன்று உண்டு, பத்து நொடி ஆளையே எடுத்துவிட்டுத் திருப்பி வைத்துவிடும், விழமாட்டார்கள், வலிக்காது, வந்தது அவர்களுக்கே தெரியாது. இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். ஆய்வகத்தில் இதைப் பற்றிய பேச்சில்லாத வாரமே கிடையாது. அன்று எனக்கு அழுகை வரவில்லை. என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்துக்குப் பின்னால் பயம் வந்தது. என் அம்மாவின் தங்கைக்கு, என் சித்திக்கு, வலிப்பு இருந்தது. மறைத்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நாலாவது மாதம் புகுந்த வீட்டில் விழுந்து, எல்லோரும் பார்த்து, அந்த வாரமே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். சித்தி கடைசி வரை எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இருந்தாள். அந்த வார்த்தையை எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன், இது வெளியே தெரியக்கூடாது என்று.

டாக்டர் என்னைவிடச் சின்ன வயதுக்காரர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகக் காட்டும் இ.இ.ஜி. எடுத்துவிடலாம் என்றார். எடுக்கிற அறையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இருந்தார். மகளின் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசையைத் தடவி, ஒவ்வொரு ஒயராக ஒட்டினார். வலிக்குமா என்று மகள் கேட்டாள். "ஜட போடற மாதிரிதான் தங்கம், என்னா, நான் கொஞ்சம் அதிகமா போடுவேன்" என்றார். எல்லாம் ஒட்டி முடித்ததும் ஒரு காகிதக் காற்றாடியை அவள் கையில் கொடுத்தார். "இது நிக்காம சுத்தணும். மூணு நிமிஷம் ஊதிகிட்டே இருக்கணும், சரியா?"

அந்தக் காற்றாடி எதற்கென்று எனக்குத் தெரியும். வேகவேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். ரத்தத்தில் புளிப்பு குறையும், மூளையைச் சுற்றி இருக்கிற நீரில் குறையும், செல்லுக்குள்ளும் குறையும். கடிவாளம் தளரும். மற்ற பிள்ளைகளுக்கு லேசாகத் தலை சுற்றுவதோடு போய்விடும். இந்தக் குறை இருக்கிற பிள்ளைக்கு, அடங்கியிருக்கிற செல்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கிவிடும். மூன்று நிமிடத்தில் என் மகள் தன் சிலிண்டரைத் தானே காலி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, தோள் ஏறி இறங்கியது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இந்தத் தோளை எனக்குத் தெரியும். ஏழு மாதமாகத் தெரியும்.

ஏங்கி ஏங்கி அழுகிற பிள்ளை விடுகிற மூச்சும் இதே மூச்சுதான். நான் திட்டினேன், அவள் அழுதாள், அந்த அழுகையில் போன மூச்சில் அவளுக்கு வந்தது, வந்ததில் வார்த்தை விட்டுப்போனது, விட்டுப்போன வார்த்தைக்காக மறுபடியும் திட்டினேன். ஆய்வகத்தில் அந்தச் சாயம் ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் ஒவ்வொரு சாயந்திரமும் நானே அதை என் பிள்ளைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி நின்றது. திரையில் இருந்த கோடுகள் எல்லாம் ஒன்றுபோல எழும்பி எழும்பி இறங்கின. அந்த அம்மா குனிந்து அவள் காதருகே, நிதானமாக, "யானை" என்றார். கொஞ்ச நேரத்தில் கோடுகள் படிந்தன. காற்றாடி மறுபடி சுற்றியது. மூன்று நிமிடம் முடிந்ததும் அவர் காற்றாடியை வாங்கிக்கொண்டு, "தங்கம், நடுவுல ஆன்ட்டி ஒரு வார்த்த சொன்னேன்ல. என்னா சொன்னேன்?" என்றார்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"பலூன்" என்றாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம் கண்ணு, தப்பே இல்ல."

"இல்ல, பலூன்னுதான் சொன்னீங்க. நான் கேட்டேன்." கண் என்னை விட்டு அகலவில்லை.

என் மகள் என் முன்னால் சொன்ன முதல் பொய் அதுதான். அதைச் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான். அந்தச் சின்ன அறையில், ஒயர்களைத் தட்டிவிடாமல் எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஆன்ட்டி யானைன்னு சொன்னாங்கடி. உனக்குக் கேக்கல. உன்னால கேட்டிருக்கவே முடியாது. அப்பா வாசிக்கிறப்பவும் அப்படித்தான் ஆயிருக்குது. உனக்கு அவரு சொல்லவே இல்ல, நீ சொன்னது நெசம்."

அவள் யோசித்தாள். "நான் சொன்னது எல்லாமா?"

"எல்லாம்."

"வாத்து கூடவா?"

"வாத்து கூட."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு எதையோ தேடினார். பிறகு ஒவ்வொரு ஒயராகக் கழற்றினார்.

டாக்டரிடம் நானே கேட்டேன், நான் திட்டியதால் வந்ததா என்று. "இந்தக் குறை நீங்க திட்டினதால வரல, அது பாப்பாவோடவே இருக்கறது" என்றார். "ஆனா அழறப்ப அதிகமா வந்திருக்கும், அது வாஸ்தவம்." மருந்து இரண்டு வேளை, டீச்சரிடம் சொல்லிவையுங்கள், வளர வளர நிறையப் பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும், கடலில் தனியாக இறக்காதீர்கள், மொட்டை மாடியில் தனியாக விடாதீர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவர் அவள் இடுப்புக்குத்தான் வரும். மருந்து வேலை செய்தது, அந்த வருடத் தேர்வை விட்டுவிட்டு அடுத்த வருடம் எழுதினாள், என் கணவரும் இப்போது கேட்டால் மூன்றாம் தரம் சொல்கிறார். அதெல்லாம் மெதுவாக நடந்தவை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது எனக்கு மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா, இத யார்கிட்டயும் சொல்ல வேணாம், என்னா?"

"ஏம்மா?"

"சொல்லக்கூடாது."

"யாராவது கேட்டா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லிடு."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் வந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ மணிக்கூண்டைத் தாண்டும்போது கேட்டாள்.

"அப்ப அது பொய் இல்லியாம்மா?"

உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சித்திக்கும் அப்படிச் சொல்லித்தான் தாலி கட்டவைத்திருப்பார்கள். நான் அவள் தலையைத் தடவினேன், விரலெல்லாம் பசை ஒட்டிக்கொண்டது.

ஆட்டோ எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அக்கா வண்டியில் யாருடைய பள்ளிக்கூடச் சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தார். "காலைலயே அம்மாவும் பொண்ணும் எங்க போயிட்டு வரீங்க? பாப்பா தலை என்னா இப்படி பிசுபிசுன்னு ஒட்டிகினு கெடக்குது?" என்றார்.

மகள் என் கையை இறுகப் பிடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதட்டை அழுத்தி மூடியிருந்தாள். எனக்காகப் பொய் சொல்ல அவள் தயாராக இருந்தாள், நான் கண்ணைக் காட்டினால் போதும்.

"பாப்பாவுக்கு வலிப்பு இருக்குதுக்கா" என்றேன். குரல் வேண்டியதைவிடச் சத்தமாக வந்தது, எதிர் வீட்டில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். "அது வர்றப்ப யாரு என்னா சொன்னாலும் பாப்பாவுக்குக் கேக்காது. அது பொய் சொல்லலக்கா. நான்தான் ஒண்ணும் தெரியாம, ஒங்க முன்னாடியே கைநீட்டி அடிச்சிட்டேன்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஐயோ என்பார், உச்சுக்கொட்டுவார், அந்தப் பார்வை இனி இந்தத் தெரு முழுக்கப் பரவும் என்று நான் காத்திருந்தேன். அதற்குள் என் மகள் என் கையை உதறிவிட்டு வண்டிக்கு அருகில் ஓடினாள். பசையும் கலைந்த முடியுமாக, அக்காவின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்றாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்லக்கா" என்றாள்.